எழுதியவருக்குச் சோறு, படிப்பவருக்குப் புத்தகம்

எங்கள் முத்துப்பேட்டைக்குப் பட்டுக்கோட்டை பக்கத்து ஊர். அதனால் மக்கள் கவிஞர் கல்யாணசுந்தரத்தை வெறும் சினிமாப் பாடலாசிரியராக நாங்கள் பார்ப்பதில்லை. செங்கப்படுத்தான்காட்டில் பிறந்த நம்ம வீட்டுப் பிள்ளை அவர். 1959-ல், 29 வயதில் மறைந்தார். 1993-ல் தமிழக அரசு அவருடைய பாடல்களை நாட்டுடைமை ஆக்கியது. அந்த வரிகளை இன்று யார் வேண்டுமானாலும் புத்தகமாக அச்சிடலாம்.

வரிகளைத்தான். மெட்டும் ஒலிப்பதிவும் வேறு கணக்கு. எழுதியவருக்கு ஒன்று, இசையமைத்தவருக்கு ஒன்று, பதிவு செய்த நிறுவனத்துக்கு ஒன்று என ஒரே பாட்டுக்குள் மூன்று உரிமைகள் இருக்கின்றன. நம்மில் பலருக்கு இது தெரியாது. பாட்டு எழுதுகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

எங்கள் தெருவில் ஒரு பாய் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். கேசட் காலத்தில் இஸ்லாமியப் பாடல்கள் நிறைய எழுதிக் கொடுத்தவர். பாட்டுக்கு இவ்வளவு என்று கையில் வாங்கிக்கொண்டு, நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். அத்தோடு சரி. போன வருஷம் பேத்தி கல்யாணத்தில் தன் பழைய பாட்டு ஒன்றைக் கேசட் இசையோடு சேர்ந்து பாடினார். பேரன் அதை வீடியோ எடுத்து இணையத்தில் ஏற்றினான். ‘இதன் உரிமை வேறொருவருடையது’ என்று அறிவிப்பு வந்தது. வீடியோவில் சத்தம் நின்றுபோனது.

“நான் எழுதுன பாட்ட நான் பாடுறதுக்கு எவன்கிட்ட கேக்கணும் சார்?” என்று பாய் என்னிடம் கேட்டார். வாத்தியார் வேலையில் முப்பது வருஷம் ஓட்டியவன் நான். பதில் சொல்லத் தெரியவில்லை.

என்னிடம் படித்த பையன் ஒருவன் இதற்கு நேர் எதிர்க் கட்சி. நாட்டுடைமையான நூல்களை விக்கிமூலத்தில் எழுத்துப்பிழை பார்த்துத் தருகிற தன்னார்வலன். புத்தகம் எல்லாமே எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பான். காரணம், அவன் தங்கை. அவளுக்குப் பார்வை இல்லை. செல்போன் வாசித்துக் காட்டினால்தான் அவளுக்குப் புத்தகம். பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்தால் போனால் சரியாகப் படிக்க முடியாது. எழுத்தாக இருக்க வேண்டும்.

ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள்.

“எல்லாத்தையும் ஓசியில குடுன்னா எழுதுறவன் காத்தையா குடிப்பான்?” என்றார் பாய்.

“உங்க சோத்துல நான் கை வைக்கல பாய். பூட்டிப் போட்டவங்க கிட்டதான் சாவி கேக்குறேன்” என்றான் பையன்.

இரண்டு பேருமே நியாயம்தான் பேசினார்கள். ஆனால், ஒருவரையொருவர் பார்த்துப் பேச வேண்டிய பேச்சு அது அல்ல என்று எனக்குத் தோன்றியது. பாயின் பாட்டைப் பூட்டியவன் பையன் இல்லை. பையனின் தங்கைக்குப் புத்தகம் கிடைக்காமல் செய்தவர் பாய் இல்லை. இருவருக்கும் நடுவில் கையெழுத்திட்ட ஒரு தாள் இருக்கிறது. அதுதான் விஷயம்.

இந்த முடிச்சை நம் தமிழ்நாடு ஒரு முறை அழகாக அவிழ்த்திருக்கிறது. பாரதி 1921-ல் வறுமையில் இறந்தார். பின்னாளில் அவர் பாடல்களை இசைத்தட்டிலும் சினிமாவிலும் பயன்படுத்தும் உரிமை கைமாறிக் கைமாறி ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டு வந்தபோது வழக்காயிற்று. பாரதியைப் பொதுச்சொத்தாக்கு என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் குரல் கொடுத்தார்கள். 1949-ல் அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. செட்டியார் தன் பங்கைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். பாரதியின் குடும்பத்துக்குப் பணம், பாடல்கள் மக்களுக்கு. பின்னால் வந்த நாட்டுடைமைக்கெல்லாம் அதுதான் பிள்ளையார் சுழி.

இன்னொரு முறை டெல்லியில் நடந்தது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், பாட்டு பிற்பாடு சம்பாதிக்கிற ராயல்டியில் அவர்களுக்குள்ள பங்கைப் பறிக்க முடியாது என்றது திருத்தம். திரையரங்கில் படத்தோடு ஓடுவதற்கு மட்டும் விலக்கு. கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இதற்காக வாதாடினார். அதே திருத்தத்தில்தான், பார்வையற்றவர்கள் படிக்கிற வடிவத்துக்குப் புத்தகத்தை லாப நோக்கமின்றி மாற்றவும் அனுமதி வந்தது. பாய்க்கும் பையனின் தங்கைக்கும் ஒரே வருஷம், ஒரே சட்டம்! ஒருவருக்குக் கொடுக்க இன்னொருவரிடம் பிடுங்கவில்லை.

பாயின் பழைய கேசட் தாளுக்கு இது எவ்வளவு தூரம் உதவும் என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். ஆனால், அவரிடம் கேசட்டில் ஏறாத பாட்டுகள் நோட்டு நோட்டாக இருக்கின்றன. கிரியேட்டிவ் காமன்ஸ் என்று ஒரு முறை உண்டு. எழுதியவரே நிபந்தனை போட்டு எழுத்தைப் பொதுவில் வைக்கலாம். 2013 முதல் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தன்னார்வலர்கள், எழுத்தாளர்களிடம் அனுமதி வாங்கி அப்படித்தான் மின்னூல் வெளியிடுகிறார்கள். பையன் இதை விளக்கியபோது பாய் இரண்டே நிபந்தனை சொன்னார். “என் பேரு இருக்கணும். எவனாச்சும் இத வச்சு காசு பாத்தான்னா எனக்கும் குடுக்கணும்.”

“அதுக்கு ஏத்த உரிமமே இருக்கு பாய்” என்றான் பையன். முதல் நோட்டு இப்போது அவன் கையில். தட்டச்சு செய்த பாட்டுகளை முதலில் கேட்கப்போகிறவள் அவன் தங்கை.

நாட்டுடைமை பெரும்பாலும் எழுத்தாளர் கண்ணை மூடிய பிறகுதான் வருகிறது. சில குடும்பங்கள் வேண்டாம் என்று மறுத்ததும் உண்டு. அது அவர்கள் உரிமை. உயிரோடு இருக்கும்போதே எழுதுகிறவரையும் படிக்கக் கேட்கிறவரையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்தால் என்ன? உங்கள் ஊரிலும் பாட்டுக் கட்டுகிறவர் ஒருவர் இருப்பார். அடுத்த தாளில் அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அதை ஒரு முறை சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.