எலியும் மூஞ்சூறும்

பெரும்போகம் தொடங்குமுன், குச்சவெளியின் வயலோரத்தே வாழும் முதிய உழவர் ஒருவர், நெடுநாள் பூட்டிக்கிடந்த நெல்லறையைத் திறந்தார். மூலையெங்கும் எலிப்புழுக்கை, சாக்குகளில் எலி கடித்த துளைகள். விளக்குமாற்றை எடுத்தவரை, பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் மகள் தடுத்தாள். முந்திய ஆண்டு அவர் கடுங்காய்ச்சலுற்று, சிறுநீர் குன்றிக் கிடந்த நாட்களை அவள் மறந்தாளில்லை. அதனை எல்லாரும் எலிக்காய்ச்சல் என்றனர்.

"சேற்றிலே வந்த காய்ச்சலுக்கு விளக்குமாறு என்ன செய்யும், பிள்ளை?"

"தூசியிலே வருவதும் உண்டு, அப்பா."

அவள் கூற்று மெய்யே. எலிக்காய்ச்சலை விளைப்பது பற்றீரியா, எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீரிலிருந்து காயத்தின் வழியே அது உடலுட் புகும், பெனிசிலினுக்கு அடங்கும். ஹந்தா வைரசோ, எலியின் உலர்ந்த எச்சங்கள் தூசியாய் எழும்போது மூச்சோடு புகுவது, பெனிசிலினுக்கு அடங்காதது. இரண்டும் காய்ச்சலோடு சிறுநீரகத்தைத் தாக்குவதால், ஒன்று மற்றொன்றாகக் கருதப்படலாம். இலங்கையில் எலிக்காய்ச்சல் என ஐயுறப்பட்ட நோயாளர் சிலரிடம் ஹந்தா வைரசுத் தொற்றின் சான்று காணப்பட்டமை 1988இல் வெளியாயிற்று.

இவ்வாறு ஒன்றை மற்றொன்றாகக் கருதுதல் நோயாளரோடு நிற்பதன்று. இவ்வைரசுக் குடும்பத்தின் வரலாறே அத்தகையது. 1964இல் தமிழ்நாட்டின் வேலூரில், தோட்டப்பாளையத்திலே பிடிபட்ட மூஞ்சூறு ஒன்றிலிருந்து வைரசு ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. அவ்வூரின் பெயரே அதற்கும் இடப்பட்டது. ஆயின் அதன் இனம் விளங்கவில்லை. கொரியப் போரில் 3,000க்கு மேற்பட்ட படைவீரரைப் பீடித்த நோயின் காரணத்தை, 1976இல் லீ ஹோ வாங் என்னும் அறிஞர் வயலெலியிடத்தே கண்டார். அங்குள்ள ஹந்தான் ஆற்றின் பெயரே குடும்பப் பெயராயிற்று. தோட்டப்பாளைய வைரசும் அக்குடும்பத்ததே என்பது பின்னரே தெளிந்தது. முதலிற் கிடைத்தது, பின்னர் அறியப்பட்டது! அதனைச் சுமந்ததும் எலியன்று. மூஞ்சூறு கொறிவிலங்கினத்தைச் சேராத பூச்சியுண்ணி.

மகள் கதவுகளை அகலத் திறந்து காற்றோட விட்டாள். பின்னர், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வெளிற்றும் தூள் கரைத்த நீரைத் தெளித்து, நனைந்த துணியால் எச்சங்களை ஒற்றியெடுத்தாள். தந்தையைப் பீடித்தது எது என்பது இன்றும் துலங்கவில்லை; ஆயினும் தூசி எழவில்லை.

சுவரோரமாய் ஏதோ ஓடிற்று. "எலி!" என்றாள்.

"வடிவாய்ப் பார், பிள்ளை. அது மூஞ்சூறு" என்றார் முதியவர்.