மருமகனுக்கு ஒரு மூச்சுக்கருவி

நீந்தத் தெரியாதவனிடம் சுழியோடும் கருவி வாங்க ஆலோசனை கேட்டு ஒருவர் வந்தால் அவரைத் திருப்பி அனுப்புவதே முறை. ஆனால் வந்தவன் மன்னாரிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திறங்கிய என் ஒன்றுவிட்ட தங்கையின் மகன். அனுமதிப்பத்திரம் பெற்றுக் கடலட்டை பிடிக்கும் சுழியோடி. வாடி முதலாளியின் பழைய கருவியுடன் இறங்கியது போதும், சொந்தமாக ஒன்று வேண்டும் என்று இரண்டு இலட்சம் ரூபாவுடன் வெள்ளவத்தையில் என் வீட்டு வாசலில் நின்றான்.

"மாமா, இதில எது திறம்?" என்று கைத்தொலைபேசியை நீட்டினான். திரையில் ஐந்தாறு கம்பனிப் பெயர்கள்.

பத்திரிகையில் நாற்பது வருடம் குப்பை கொட்டியவனுக்குத் தெரியாத விடயம் ஒன்று இருக்கும் என்பதை உறவினர்கள் நம்புவதில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டு வாசிக்கத் தொடங்கினேன்.

பெயர்களின் பின்னால் நல்ல கதைகள் இருந்தன. 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் கஞ்ஞானும் உருவாக்கிய கருவியின் வழி வந்தது அக்குவாலங். இத்தாலியின் ஜெனோவாவில் 1946இல் தோன்றியது கிறெஸ்ஸி. அதற்கு அருகே ரப்பல்லோவில் 1949இல் மாரெஸ். அமெரிக்காவில் 1963இல் ஸ்கூபாப்ரோ. ஏபெக்ஸ் இங்கிலாந்துக்காரரின் கைவேலை. இந்தக் கருவிகள் கொழும்புக்கும் புதியவை அல்ல. 1956இல் இங்கு வந்த ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இவற்றின் முன்னோடிகளை அணிந்துதான் திருகோணமலைச் சுவாமி மலையின் அடியில், போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களைக் கடலடியில் கண்டார்கள்.

நிற்க. றெகுலேற்றர் என்பது என்ன செய்கிறது? சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் காற்றை முதற்கட்டத்தில் ஏறத்தாழப் பத்துப் பாருக்கு இறக்கி, வாயருகே உள்ள இரண்டாம் கட்டத்தில் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமாக்கித் தருகிறது. ஐரோப்பாவின் ஈ.என். 250 தரச்சான்று பெற்ற எதுவும் 50 மீற்றர் ஆழத்துக்குச் சோதிக்கப்பட்டது. இவன் இறங்குவது இருபதுக்குள். ஏபெக்ஸ் பனிக்கடலிலும் உறையாது என்கிறார்கள். 28 பாகை வெப்பமுள்ள நம் கடலில் பனிக்கட்டிக்குப் பயந்து பணம் கொடுப்பானேன்? மூடிய அறைக்குள் மண்ணும் உப்பும் புகாது என்ற நன்மை அதற்கு உண்டு, மறுக்கவில்லை.

என் கண் போய் நின்றது விளம்பரங்களில் சிறிய எழுத்தில் கிடந்த ஒரு வரியில். ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது நூறு முறை சுழியோடிய பின், கருவியைக் கழற்றிப் பழுதுபார்க்க வேண்டும் என்பதே அது. விடுமுறைக்கு உனவட்டுனவுக்கோ நிலாவெளிக்கோ வரும் வெள்ளைக்காரருக்கு நூறு முறை என்பது பத்து வருடக் கணக்கு. என் மருமகனோ நாளுக்கு மூன்று நான்கு சிலிண்டர் முடிப்பவன். அவனுக்கு அது ஒரு மாதம்! ஆகவே எந்தக் கருவிக்கு இங்கே உதிரிப்பாகம் கிடைக்கும், யார் கழற்றிப் பூட்டுவார் என்பதே கேள்வி.

அதற்கான ஆள் கொட்டாஞ்சேனையில் இருந்தார். முன்னர் துறைமுகத்தில் கப்பல்களின் அடிப்பாகம் சுத்தம் செய்த நானா ஒருவர். இப்போது வீட்டு முன்னறையில் பழைய றெகுலேற்றர்களைத் திருத்தி விற்கிறார். அவர் வீட்டுக்குப் போகும் வழியில் இருந்த ஒரு லொட்ஜைக் காட்டி, 2007 ஜூனில் லொட்ஜுகளிலிருந்து நம்மவர்களை அதிகாலையில் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய கதையைச் சொன்னேன். மருமகனுக்கு அப்போது ஐந்து வயது. அக்காலத்தில் மன்னார்ப் பொடியன் ஒருவன் காற்றுச் சிலிண்டரைப் பற்றிக் கொழும்பில் வாய்திறந்து விசாரித்திருக்க முடியுமா?

நானா பெயரைப் பார்க்கவில்லை. காற்று நுழையும் வாயை விரலால் அடைத்துக்கொண்டு மறுபக்கத்தில் உறிஞ்சினார். காற்று வந்தால் எங்கோ ஓட்டை என்று பொருளாம். பிறகு முதற்கட்டத்தின் வாயிலுள்ள சிறு வடிகட்டியைக் காட்டினார். பச்சை என்றால் கடல்நீர் உள்ளே போயிருக்கிறது, செங்கபிலம் என்றால் இரும்புச் சிலிண்டரின் துரு. மருமகன் கொண்டுவந்திருந்த முதலாளியின் கருவியைத் திறந்தார். வடிகட்டி பச்சையும் கறுப்புமாக இருந்தது. முகர்ந்துவிட்டு, "கொம்பிரசர் எஞ்சின் புகைக்குப் பக்கத்துலயா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். இவன் தலை குனிந்தான்.

கடைசியில் பாகங்கள் குறைந்த, எளிய பிஸ்டன் வகை ஸ்கூபாப்ரோ ஒன்றைத் திருத்திய நிலையில் வாங்கினோம். சிலிண்டர் காலியாகும்போது அதில் மூச்சிழுப்பது கடினமாகும். குறை என்பார்கள். அளவுமானியைப் பாராதவனுக்கு அது ஓர் எச்சரிக்கை என்றேன் நான், பெரிய விற்பன்னனைப்போல. "காத்து முடியிறது தெரியும் சேர். நைட்ரஜன் ஏறுறது தெரியாதே" என்றார் நானா.

எனக்குச் சுருக்கென்றது. பல வருடங்களுக்கு முன் செய்திக்காக மன்னாரில் ஒரு குடிசைக்குப் போயிருந்தேன். இருபத்து மூன்று வயதுப் பிள்ளை பாயில் கிடந்தான். நான்காவது சிலிண்டர் முடித்து மேலே வந்தவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆழத்தில் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன், அவசரமாக ஏறும்போது குமிழாகி முதுகுத்தண்டைத் தாக்கியிருந்தது. அவன் அணிந்த கருவியைப் பற்றி எழுதினேன். எத்தனை நிமிடம், எத்தனை முறை இறங்கினான் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே மிச்சப் பணம் முழுவதையும் மணிக்கட்டில் கட்டும் சுழியோடிக் கணினி ஒன்றில் போடச் சொன்னேன். முதலாவது இறக்கத்தில் 18 மீற்றரில் ஏறத்தாழ 56 நிமிடம், 30 மீற்றரில் 20 நிமிடம் என்பது பொழுதுபோக்குச் சுழியோடிகளின் அட்டவணை. அடுத்தடுத்த இறக்கங்களில் அது சுருங்கிக்கொண்டே போகும். அந்தக் கணக்கைக் கணினி வைத்துக்கொள்ளும். சூந்தோ, மாரெஸ், கிறெஸ்ஸி மூன்றிலும் மலிவான மாதிரி போதும். பற்றரியைத் தானே மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2022இல் ரூபா விழுந்தபின் மலிவு என்ற சொல்லுக்குப் பொருளில்லை என்பது வேறு கதை.

"வள்ளத்தில மூண்டு பேர் மாமா. மாறி மாறிக் கட்டலாம்தானே?"

கட்டக்கூடாது. அது ஓர் உடம்பின் கணக்கு. நடுவில் இன்னொருவன் கட்டினால் இருவருக்கும் பொய் சொல்லும். இதை மூன்று முறை சொன்னேன். கையேடு ஆங்கிலத்தில் இருந்ததால் தேவையான பக்கங்களைத் தமிழில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

நாலாம் நாள் தொலைபேசி எடுத்தான். மூன்றாம் இறக்கத்துக்கு அது சில நிமிடமே தருகிறதாம். அடுத்தவனுக்குக் கட்டவேண்டும், பழைய கணக்கை அழிக்க வழி இருக்கிறதா என்று கேட்டான். வாடகைக்கு விடும் கடைகளுக்காக அந்த வசதி உண்டு. எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துவது என்பதும் கையேட்டில் இருக்கிறது. நான் எழுதிக் கொடுத்த தாள்களில் அந்தப் பந்தி மட்டும் இல்லை.

"அப்படி ஒன்றும் போடவில்லையே, தம்பி" என்றேன்.