உள்ளே மை தெரிந்த பேனா

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் எது கைக்கு வந்தாலும் எடை போட்டுத்தான் வாங்குவார்கள். பாவுக்கு எடை, ஊடைப் பட்டுக்கு எடை, ஜரிகைக்கு எடை. நெய்து முடித்த புடவையை மடித்துப் பட்டு கொடுத்தவரிடம் எடுத்துக்கொண்டு போனால் அங்கே மறுபடியும் எடை. கொடுத்த பட்டும் ஜரிகையும் புடவைக்குள் வந்து சேர்ந்ததா, கழிவு எவ்வளவு போனது என்று தராசு சொல்லிவிடும். ஜரிகையை நாங்கள் மார்க் கணக்கில்தான் பேசுவோம். ஒரு மார்க் 242 கிராம். முகூர்த்தப் புடவை கனமாக இருந்தால்தான் பெண் வீட்டாருக்கு மனம் நிறையும். கனம் இருந்தால் மதிப்பு இருக்கும் என்பது அந்தத் தெருவில் வளர்ந்த எனக்கு யாரும் சொல்லித்தராமலே வந்த அறிவு.

அந்த அறிவை என் கையிலேயே ஆட்டிப் பார்த்தது ஒரு பேனா. ஓய்வுபெறும் மேலாளர் ஒருவருக்குப் பரிசு வாங்கச் சென்னையில் ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தேன். லிமிடெட் எடிஷன் பேனாக்களைத் தனி அலமாரியில் வைத்திருந்தார்கள். ஒன்றைத் துணி விரித்த தட்டில் வைத்து நீட்டினார்கள். பித்தளை உடல், அதன்மேல் பல பூச்சாக ஏற்றிய மெருகு, மூடியில் வெள்ளி வளையம். வாங்கியதும் கை தாழ்ந்தது. நல்ல சாமான்தான் என்று நினைத்துக்கொண்டேன். எழுதிப் பார்க்கத் தாள் கொடுத்தார்கள். நான்கு வரி போவதற்குள் கட்டைவிரலின் அடியில் நோவு தெரிந்தது. நிறுத்திவிட்டு, என்னை அறியாமலே பேனாவைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. உள்ளே மை எவ்வளவு இருக்கிறது என்று காட்ட அந்தப் பேனாவில் ஒரு கீற்றுகூட இல்லை. “என்ன மேடம் பாக்கறீங்க?” என்று கடைக்காரப் பையன் கேட்டான். மை பார்க்கிறேன் என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

அப்படித் தூக்கிப் பார்க்கும் பழக்கம் அப்பாவின் கணக்குப் பேனா எனக்குக் கொடுத்தது. எங்கள் வீடு திருமேற்றளி கோயிலுக்குப் பக்கம். கூடத்தில் தறி, தறிக்குழியில் அப்பா, கரையை உடலோடு சேர்க்கும் கோர்வைக்கு இன்னொரு நாடா தள்ளப் பக்கத்தில் அண்ணன். கணக்கு எழுதுவது என் வேலை. அப்பா தறியை விட்டு எழாமலே சொல்வார்.

“எழுதும்மா. பாவு வந்த தேதியப் போடு. ஜரிகை எவ்ளோன்னு போட்டியா?”

“ஒண்ணரை மார்க்குப்பா. போட்டேன்.”

“மை பாத்தியா?”

இந்தக் கடைசிக் கேள்வி இல்லாமல் கணக்கு எழுதியதே கிடையாது. பேனாவுக்குப் பெயர் எதுவும் பொறித்திருக்கவில்லை. மூடியும் கழுத்தும் கறுப்பு. உடல் மட்டும் வெளிர்நீல பிளாஸ்டிக், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை உள்ளே எல்லாம் தெரியும். சட்டைப்பையில் இருப்பதே தெரியாத கனம். கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் பிரில் ராயல் ப்ளூ சொட்டுச் சொட்டாக விட்டு நிரப்ப வேண்டும். அதை வீட்டுக்குள் செய்யக் கூடாது. மை பாட்டில் பின்கட்டைத் தாண்டி உள்ளே வரவே வராது. ஒரு பாவில் மூன்று புடவை இறங்கும். அந்தப் பாவின்மேல் ஒரு சொட்டு மை தெறித்தால் போவது எத்தனை நாள் கூலி என்று எங்கள் வீட்டில் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

பேனா மட்டும் கூடத்துக்கு வர அனுமதி உண்டு, அதுவும் மை பார்த்த பிறகு. “பாதிக்குக் கீழ போனா கக்கும்மா, நெரப்பிட்டு வா” என்பார் அப்பா. காரணம் அவர் படித்ததல்ல, பார்த்தது. வெகு நாளுக்குப் பிறகுதான் எனக்கு விளக்கம் கிடைத்தது. இப்படி உடலிலேயே நேராக மை ஊற்றும் பேனாவில் மை குறையக் குறையக் காற்று அந்த இடத்தைப் பிடிக்கிறது. கைச்சூடு பட்டதும் அந்தக் காற்று விரிந்து, மிச்சமிருக்கும் மையை நிப்பின் வழியே வெளியே தள்ளுகிறது. நிறைய மை இருக்கும் பேனாவில் காற்று கொஞ்சம்தான், அதனால் தள்ளும் வலுவும் கொஞ்சம்தான். ஆக, மை தெரிகிற உடல் எங்கள் வீட்டில் ஒரு காவல். அது இல்லாத பேனாவை அப்பா தறிப்பக்கம் அண்டவிட்டிருக்க மாட்டார்.

மை தெரியும் சன்னலை ஐரோப்பாவில் பெரிய அளவில் கொண்டுவந்தது ஜெர்மனியின் பெலிக்கான். 1929இல் அவர்கள் வெளியிட்ட முதல் மைப்பேனாவில், பின்குமிழைத் திருகினால் உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கி மையை உறிஞ்சும். அந்த அமைப்பைக் கண்டுபிடித்தவர் தியோடர் கோவாச் என்ற பொறியாளர். மை ரப்பர் பைக்குள் இருந்த பழைய பேனாவில் பார்க்க என்ன இருக்கிறது? பை போய், பேனாவின் உடலே மைக்குடம் ஆனதும் உள்ளே பார்க்க வழி வைத்தார்கள். அமெரிக்காவில் பார்க்கர் 1933இல் கொண்டுவந்த வேக்குமேட்டிக் பேனாவில் ஒளி புகும் வளையமும் புகாத வளையமும் மாறி மாறி அடுக்கியிருக்கும்; வெளிச்சத்தில் பிடித்தால் வளையங்களுக்கு நடுவே மை தெரியும். மோன்பிளாங்க் நிறுவனம் 1952இல் கொண்டுவந்த 149 பேனாவுக்குக் கழுத்துக்கு மேலே கோடு கோடான ஒரு சன்னல். அதன் எடை ஏறக்குறைய 32 கிராம். பெலிக்கானின் எளிய எம்200 பேனா 14 கிராம் அளவில் நின்றுவிடும். இன்றைக்கும் 149இலும் எம்200இலும் சன்னல் உண்டு. நல்ல பேனா செய்கிறவர்கள் அதை விடவில்லை.

விட்டது எங்கே என்றால், பேனா நகைக்கடைக்குப் போன இடத்தில். மோன்பிளாங்க் 1992இல் லொரென்ஸோ டி மெடிச்சி என்ற பழைய கலைப் புரவலரின் பெயரில் எண்ணி 4810 பேனா மட்டும் செய்தது. மோன் பிளாங்க் மலையின் உயரம் என்று வழக்கமாகச் சொல்லும் 4810 மீட்டரைக் குறிக்க அந்த எண். எட்டுப் பட்டை உடல், அதன்மேல் செதுக்கு வேலை செய்த வெள்ளிக் கவசம். அதற்குப் பின் உலகெங்கும் வெள்ளி, பித்தளை, அரக்கு, கல், எரிமலைக் குழம்பு என்று பேனாவின் உடல் மாறிக்கொண்டே போனது. உலோகத்தைப் போர்த்தினால் உள்ளே பார்க்க முடியாது. பல பேனாக்களில் மை உறிஞ்ச உள்ளே ஒரு சிறு கன்வெர்ட்டர்தான். அது பிடிப்பது ஒரு மில்லியைவிடக் குறைவு. அப்பாவின் பேனா இரண்டு மில்லிக்கு மேல் பிடித்தது. ஐம்பது கிராமைத் தாண்டும் பேனாவில் மை அதைவிடக் கொஞ்சமாக இருக்கிறது. எவ்வளவு என்றும் தெரிவதில்லை. அந்தக் கனத்தில் ஒரு வரிகூட அதிகம் எழுத முடியாது.

வேலைப்பாடு இருந்தால் சன்னல் போய்விடும் என்பதும் கட்டாயமில்லை. பெலிக்கானின் டொலேடோ பேனாவில் உடல் முழுக்கப் பொன் பதித்த செதுக்கு வேலை. ஆனாலும் கழுத்தை ஒட்டி மை தெரிய இடம் விட்டிருக்கிறார்கள். மனம் இருந்தால் முடியும்.

இந்த வரிசையில் என்னைப் பல நாள் யோசிக்க வைத்த பேனா ஒன்று உண்டு. 2009இல் மோன்பிளாங்க் மகாத்மா காந்தி பெயரில் ஒரு லிமிடெட் எடிஷன் கொண்டுவந்தது. தண்டி யாத்திரையின் 241 மைலுக்கு 241 தங்கப் பேனா. ஒன்றின் விலை பத்து லட்சம் ரூபாயைத் தாண்டியது. நிப்பில் கைத்தடி ஊன்றி நடக்கும் காந்தி. நூற்ற நூலை நினைவூட்டும்படி உடலைச் சுற்றிக் கையாலேயே பொன்னிழை சுற்றியிருந்தார்கள். காந்தியின் பெயரை இப்படி விற்கலாமா என்று கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2010இல் இந்தியாவில் விற்பனை நின்றது. படத்தில் அந்தப் பொன்னிழையைப் பார்த்தபோது எனக்கு ஜரிகைதான் ஞாபகம் வந்தது. இழையை இழையோடு ஒட்டிச் சுற்றிய அந்தக் கைக்கு வேலை தெரியும். நெசவாளி வீட்டுப் பெண்ணுக்கு அந்த உழைப்பைக் குறைத்துப் பேச நா எழாது.

ஆனால் காந்தி கேட்ட பேனா வேறு. இந்தியாவிலேயே செய்த பேனா வேண்டும் என்று அவர் சொன்னதைக் கேட்டு ராஜமுந்திரியில் ரத்னம் பேனா பிறந்தது. அதில் எழுதிப் பார்த்துவிட்டு, அயல்நாட்டுப் பேனாவுக்கு இது நல்ல மாற்று என்ற கருத்தில் 1935 ஜூலை 16 அன்று அவர் கடிதம் எழுதினார். கெட்டி ரப்பரில், அதாவது எபனைட்டில், கடைந்த பேனா. அந்தக் கடைசல் வேலை நம் பக்கத்திலும் உண்டு. காஞ்சிபுரத்தில் ரயிலேறி அரக்கோணத்தில் மாறினால் திருவள்ளூர். அங்கே ரங்கா பேனாக்காரர்கள் இன்றைக்கும் எபனைட்டைக் கையால் கடைகிறார்கள். எபனைட்டில் சூடு எளிதில் ஏறாது. அதனால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று விரியாது, மை கக்குவதும் குறையும். எடையும் லேசு. உள்ளே தெரியாது என்பது மட்டும்தான் அதன் குறை.

கனத்தை வெறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பட்டின் கனத்தை இன்றும் கையில் ஏந்திப் பார்க்க ஆசைப்படுகிறவள்தான் நான். ஆனால் எங்கள் ஊரில் கனத்துக்குச் சாட்சி இருந்தது. ஜரிகை அசலா என்று சந்தேகம் வந்தால் ஓர் இழையைச் சுரண்டிப் பார்ப்பார்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல்; அந்த நூலின்மேல் வெள்ளித் தகடு சுற்றி, வெள்ளியின்மேல் பொன் ஏற்றியிருக்கும். காஞ்சிப் பட்டின் புவிசார் குறியீட்டில் ஜரிகைக்கு வெள்ளி 57 விழுக்காடு, தங்கம் 0.6 விழுக்காடு என்று அளவே எழுதியிருக்கிறது. எது எவ்வளவு, எங்கே இருக்கிறது என்று திறந்து காட்டிய கனம் அது. கட்டிக்கொள்கிறவள் தோளில் ஒரு முகூர்த்த நேரம் தாங்கினால் போதும். பேனாவின் கனத்தை விரல் தாங்க வேண்டும், பக்கம் பக்கமாக, நாள் கணக்கில்.

இப்போது எங்கள் வீட்டில் தறி இல்லை. அப்பாவும் இல்லை. தறிக்குழியை மூடித் தரை போட்டாயிற்று. எங்கள் தெருவில் நாடாச் சத்தம் கேட்கும் வீடுகள் குறைந்துவிட்டன. பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். சாமான்களை ஒதுக்கியபோது கணக்கு நோட்டுகள் கிடைத்தன. பேனா கிடைக்கவில்லை. நோட்டுகளைப் புரட்டினால் என் எழுத்து வளர்ந்ததும் தெரிகிறது. மை குறைந்து வெளிறிய வரியும், நிரப்பி வந்த பிறகு அழுத்தமாக விழுந்த வரியும் தெரிகின்றன. அந்த வரிகளுக்கு நடுவே நான் பின்கட்டுக்குப் போய்வந்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போது ஏங்கிப்போகிறேன். பேனாவைச் சாய்த்தால் காற்றுக்குமிழி ஒன்று மெல்ல நகர்ந்து மறுமுனைக்குப் போகும். அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நான் நிற்க, “என்னம்மா, மை வரலியா?” என்று கூடத்திலிருந்து குரல் வரும். அந்தப் பேனாவின் விலையை யாரும் சொல்லிப் பெருமைப்பட்டதில்லை. ஆனால் எழுதும் முன்பே இன்றைக்கு எவ்வளவு எழுதலாம் என்று சொல்லிவிடும் சாமான் அதற்குப் பிறகு என் கைக்கு வரவில்லை. இன்று அலுவலக மேசையில் இருக்கும் பால்பாயிண்டுகள் நடுவரியில் நின்றுபோகின்றன.

கடையில் அந்தக் கனத்த பேனாவை வைத்துவிட்டு, மேலாளருக்குச் சன்னல் வைத்த ஒரு லேசான பேனாவையே வாங்கினேன். விலையும் பாதிக்குக் கீழே. அவர் நிறைய எழுதுகிறவர். ஓய்வுக்குப் பிறகு இன்னும் எழுதுவார். அதற்கு உதவும் சாமான் அதுதான் என்பது என் தீர்ப்பு.

திருவள்ளூரிலும் சென்னையிலும் ராஜமுந்திரியிலும் பேனா கடையும் கைகளுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. வேலைப்பாட்டைக் குறைக்க வேண்டாம். பொன்னிழை சுற்றுங்கள், வெள்ளி வளையம் போடுங்கள். கழுத்துக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு ஒளி புகும் பட்டை ஒன்று வையுங்கள். கனம் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் அதை முன்பக்கம், விரல் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். பின்னால் வைத்தால் நிப்பு தாளை விட்டு எழும்பப் பார்க்கும். மூடியைக் கனமாகச் செய்து அதைப் பின்னால் செருகிக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேனாவின் பெட்டியைப் பார்க்கும் முன் மூடியைக் கழற்றிவிட்டு ஒரு முழுப் பக்கம் எழுதிப் பாருங்கள். மூடி இல்லாமல் எத்தனை கிராம் என்று கேளுங்கள். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து மை தெரிகிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஃபில்லர் பேனா ஏதாவது கிடந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். எபனைட் வெந்நீர் பட்டால் நிறம் மங்கும். காயவைத்து, மை ஊற்றி எழுதிப் பாருங்கள். பெரும்பாலானவை எழுதும்.