கறுப்புக் கட்டங்கள் 43!

பி.காம். படித்தவனை ஊர் சும்மா விடுவதில்லை. 'நீதான் காமர்ஸ் ஆச்சே' என்று ஆரம்பித்து எதையாவது தலையில் கட்டிவிடும். 2020 ஜூலையில் எங்கள் பக்கத்துச் சில்லறை வியாபாரிகளுக்கு ஜி.எஸ்.டி. பற்றி இணையத்தில் ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். ஊரடங்கில் எழுத்து வருமானம் படுத்துக் கிடந்த நேரம். ஆயிரம் ரூபாய் என்றதும் தலையாட்டிவிட்டேன்.

மேலே வெள்ளைச் சட்டை, கீழே லுங்கி. எதிரே 43 கறுப்புக் கட்டங்கள். ஒன்றில் கடைப் பெயர், ஒன்றில் 'ஐபோன்', இன்னொன்றில் வெறும் 'ரெட்மி நோட் 8'. முகம் மட்டும் ஒன்றுகூட இல்லை.

கல்யாண மண்டபத்துக் கூட்டமென்றால் ஒருத்தர் கொட்டாவி விடுவார், ஒருத்தர் வாட்ச்சைப் பார்ப்பார். அதுவும் ஒரு பதில்தானே சுவாமி! இங்கே கைவசமிருந்த முதல்தர ஜோக்கை எடுத்து விட்டேன். நிசப்தம். கிணற்றுக்குள் சொல்லியிருந்தால் எதிரொலியாவது வந்திருக்கும். பயத்தில் வேகம் பிடித்து, அரைமணி விஷயத்தைப் பத்தே நிமிடத்தில் கொட்டிவிட்டேன்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி சைகை காட்டினாள். என் மைக்கை அணைத்தேன்.

"ஏங்க, எல்லார் மைக்கையும் நீங்கதானே மூடி வெச்சிருக்கீங்க? அப்புறம் எப்படிச் சிரிப்பாங்க? ஒரே எழுத்துல பதில் சொல்ற மாதிரி ஏதாவது கேளுங்களேன்."

கேட்டேன். "அண்ணாச்சி, காம்போசிஷன்ல இருக்கறவங்க 1 அடிங்க. இல்லாதவங்க 2."

ஐந்து விநாடி ஒன்றுமில்லை. (அந்த ஐந்து விநாடி வாயைத் திறக்காமல் இருப்பதுதான் பெரும்பாடு.) பிறகு கடகடவென்று ஒன்றும் இரண்டுமாக... அட, ஆள் இருக்கிறார்கள்!

நடுவே ரெட்மி நோட் 8 எழுதியது: '1. ஆனா பில்லுல வரி போட்டு வாங்கறேன். தப்பா?'

தப்புதான். காம்போசிஷன் கடைக்காரர் விற்பனையில் ஒரு சதவீதத்தைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவே கூடாது. வசூலித்ததை அரசாங்கத்துக்குக் கட்டணும், அபராதமும் உண்டு.

எழுதி வைத்த குறிப்பை ஓரமாகத் தள்ளினேன். அந்த ஒரு கட்டத்தைப் பார்த்தே பேசினேன்.

"பயப்படாதீங்க. எத்தனை மாசமா?"

'எட்டு. வீட்டுல யாருக்கும் தெரியாது.'

"பில் புக்கெல்லாம் இருக்கா?"

'இருக்கு.'

அதற்குள் இன்னும் மூன்று கட்டங்கள்: 'நானும்தான் சார்.'

"முதல்ல இன்னிக்கே..." என்று ஆரம்பித்தேன். திரை பட்டென்று அணைந்தது. இலவச இணைப்பு, 40 நிமிடம்தான்!

அவசரமாக மறுபடி லிங்க் அனுப்பினேன். இந்த முறை யார் மைக்கையும் மூடவில்லை. காலித் திரை. மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் பின்னால் வந்து நின்றாள்.

முதலில் வந்தது ரெட்மி நோட் 8. உள்ளே எங்கேயோ குக்கர் விசில் அடித்தது.

"சார்... கேக்குதுங்களா?"