ஒரு இடைவெளிக்குள்ள விழுந்த மாவட்டம்

முதலிலேயே சொல்லிவிடுறன்: இங்க 'ஆர்' எண்டது கேள்வி இல்லை, ஒரு கணினி மொழி. நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் றொஸ் இஹாக்காவும் றொபேர்ட் ஜென்டில்மனும் தொடக்கியது. புள்ளிவிபரம் செய்யக் கலைப்பீடத்தில நாங்களும் இப்ப அதைத்தான் படிக்கிறம்.

எங்கட பட்ச்சில கைமாறித் திரியிற ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு. இலங்கையின் 25 மாவட்டங்களுக்கும் 25 நிரல்கள், பெயர்கள் ஆங்கிலத்தில். ஒவ்வொரு நிரலுக்கும் சராசரி காணவேணும். 25 தரம் எழுதப் பஞ்சி. அதால மாவட்டப் பெயரை 'பேஸ்ட்' மூலம் ஒரு வரிக்குள்ள ஒட்டி, அந்த எழுத்தை 'பார்ஸ்' மூலம் கோடாக மாற்றி, 'இவால்' மூலம் ஓட்டுறது. பார்க்க மாயம் மாதிரி இருக்கும். கண்டிக்கு விடை வரும், மன்னாருக்கு வரும், மாத்தறைக்கும் வரும்.

நுவரெலியாவுக்கு மட்டும் வராது. தமிழில் அது ஒரு சொல். ஆங்கிலத்தில் எழுதேக்க இரண்டு சொல், நடுவில் இடைவெளி. டொலர் குறிக்குப் பிறகு முதற்சொல்லை வாசிச்சதும் பெயர் முடிஞ்சுது எண்டு ஆர் எடுத்துக்கொள்ளும். அடுத்த சொல்லைக் கண்டதும் 'எதிர்பாராத குறியீடு' எண்டு சொல்லி நிண்டுவிடும். 25 பெயர்களில் இடைவெளி உள்ளது இது ஒன்றுதான்.

பிழை கண்ணில பட்டால் திருத்தலாம். ஆனால் அந்த ஸ்கிரிப்டில் 'ட்ரை' போட்டு, பிழை வந்தால் சத்தமில்லாமல் அடுத்ததுக்குப் போ எண்டு எழுதியிருக்கு. கடைசியில் வாற அட்டவணையில் 24 நிரைகள். ஆர் எண்ணிப் பார்க்கப்போகினம்? ஆய்வு சம்பளத்தைப் பற்றியோ பிள்ளைகளின் போசாக்கைப் பற்றியோ எண்டால், மலையகத் தமிழர் செறிந்து வாழுற மாவட்டமே இல்லாமல் 'இலங்கை' எண்டு முடிவு எழுதப்படும். 1948 இல் அந்த மக்களை வெளியே தள்ள ஒரு பிரஜாவுரிமைச் சட்டம் தேவைப்பட்டது. இங்க ஒரு இடைவெளி போதும், ஆரும் நினைச்சுச் செய்யத் தேவையில்லை.

மாற்றுவழி சின்னது. டொலர் குறியை விட்டுட்டு, இரட்டைச் சதுர அடைப்புக்குள்ள பெயரைக் கொடுத்தால் போதும். அங்க பெயர் பெயராகவே இருக்கும், கோடாக மாறாது. அதே லூப், அதே வேலை, 25 விடைகள்.

ஒட்டி ஓட்டுறதில இன்னொரு ஆபத்தும் இருக்கு. படிவத்தில் ஆரோ எழுதின பதிலை இப்படிக் கோடுக்குள்ள ஒட்டினால், அது கோப்பை அழிக்கிற கட்டளையாகவும் இருக்கலாம். இவால் கேட்டுக்கொண்டு நிக்காது, ஓட்டிவிடும். பார்ஸ்தான் விடை எண்டு தோன்றினால் பெரும்பாலும் கேள்வியைத்தான் மாற்றி யோசிக்கவேணும் எண்டு ஆர் உருவாக்கத்தில் பங்கெடுத்த தோமஸ் லம்லி 2005 இலேயே சொல்லிவிட்டார். எழுத்தை எழுத்தாக விடுறதும் அதில் சொல்லப்பட்டவரை மதிக்கிற ஒரு வழிதான்.

இப்ப மாவட்ட அட்டவணை எதைக் கண்டாலும், சராசரியைப் பார்க்க முதல் நான் நிரைகளை எண்ணுவன்.