ஐந்தாவது விடை

மோர்னிங்சைட் அவெனியூவில் 116 ஆம் இலக்க பஸ் பனிக்குள் உறுமிக்கொண்டு போவது எங்கள் குசினி யன்னல்வரை கேட்கும். மகள் மேசையில் ஜீமாட் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எம்.பி.ஏ. அனுமதிக்காக எழுதும் சோதனை. அதில் ஒருவகைக் கேள்விக்குக் கணக்கின் விடை தேவையில்லை. தரப்பட்ட இரண்டு கூற்றுகள் விடை காணப் போதுமா என்பதுதான் கேள்வி. தெரிவுகள் ஐந்தும் மாறுவதில்லை: முதலாவது மட்டும் போதும், இரண்டாவது மட்டும் போதும், சேர்த்தால்தான் போதும், எதுவும் தனியே போதும், சேர்த்தாலும் போதாது.

"அப்பா, இதைப் பாருங்கோ."

ஒரு நேர் நிறைவெண்ணை இன்னொரு நேர் நிறைவெண்ணின் வலுவுக்கு உயர்த்தினால் 64. அடி எது? கூற்று ஒன்று: சுட்டி இரட்டை எண். கூற்று இரண்டு: சுட்டி 2 ஐ விடப் பெரியது.

யாழ்ப்பாணத்தில் சுட்டியும் மடக்கையும் படித்த கை தானாகப் பேனாவைத் தேடியது. 64 இன் 1 ஆம் வலு, 8 இன் 2 ஆம் வலு, 4 இன் 3 ஆம் வலு, 2 இன் 6 ஆம் வலு. முதற்கூற்றில் 8 உம் 2 உம் மிஞ்சும். இரண்டாவதில் 4 உம் 2 உம். சேர்த்தால் 2 மட்டுமே. மூன்றாவது தெரிவு.

அடுத்தது: ஓர் எண் எது? கூற்று ஒன்று: அதன் வர்க்கம் 9. கூற்று இரண்டு: அதன் 4 ஆம் வலு 81.

"மூண்டுதானே? ரெண்டும் ஒண்டையே சொல்லுது," என்றாள்.

"சய மூண்டெண்டாலும் அதேதான் வரும். இரட்டைச் சுட்டி குறியை விழுங்கிப்போடும். ஒரே கதையை ரெண்டு பேர் சொன்னாப்போல அது ரெண்டு சாட்சி ஆகாது, பிள்ளை."

"அப்ப அஞ்சாவது. அதைப் போடத்தான் பயம். ஏதோ விட்டிட்டன் போல இருக்கும்."

எனக்குப் பேச்சு வரவில்லை. ஹோலில் அம்மா இருந்தார்.

2009 மே மாதம் தம்பியை ஓமந்தையில் ஒரு பஸ்ஸில் ஏறக் கண்டதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். சில வருடங்களுக்குப் பிறகு இன்னொருவரும் அதே பஸ்ஸைச் சொன்னார். பஸ் எங்கே போனது என்று இருவருக்கும் தெரியாது. இருக்கிறானா இல்லையா என்ற குறி மட்டும் இரண்டிலும் இல்லை.

லண்டனில் முதுகலை முடித்தவன் நான். கணினி ஆலோசகன். தரவு போதாது என்று வாடிக்கையாளரிடம் சொல்லவே சம்பளம் வாங்குகிறேன். அப்படிப்பட்ட நான், தம்பியின் பெயரில் உள்ள காணிக்காக, "மரணச் சான்றிதழ் எடுப்பம் அம்மா" என்று போன வருடம் சொன்னேன். நாலு நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. காணியைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். போதாத தரவுக்கு விடை எழுதியிருக்கிறேன்.

2016 இல் இலங்கையில் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழைக் குடும்பத்தார் பெறலாம். சொத்தைப் பராமரிக்கவும் அது உதவும். எனக்கு இது முன்பே தெரியும். அரைகுறைக் கடதாசி என்று ஒதுக்கியிருந்தேன்.

அன்றிரவு அம்மாவுக்கு அதை விளங்கப்படுத்தினேன். கடைசிவரை கேட்டார்.

"அதிலை செத்துப்போனான் எண்டு எழுதியிராதே?"

"இல்லை அம்மா. காணேல்லை எண்டு மட்டும்தான்."

"அப்ப வாசி ராசா. முழுக்க வாசி. பிறகு கையெழுத்து வைக்கிறன்."