தீபாவளி வாரமும் பிளேட்லெட்டும்

1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை மாதிரி இடங்களுக்குத் தீபாவளி சமயத்தில் புதுத்துணி, இனிப்பு கொண்டுபோகிறவர்கள் உண்டு. கொண்டுபோகட்டும், பிள்ளைகளுக்கு அது எத்தனை சந்தோஷம்!

ஆனால் கீமோ ஏறும் பிள்ளைக்கு அந்த வாரமும் பிளேட்லெட் வேண்டும். அது 5 நாள்தான் தாங்கும், முன்கூட்டி வாங்கி அடுக்க முடியாது. அந்த வாரம் தானம் செய்ய ஆள் கிடைப்பதும் கஷ்டம்: கல்லூரிகள் லீவு, பாதிச் சென்னை ஊருக்குப் பஸ் ஏறியிருக்கும். மகனின் மூக்கில் கசியும் ரத்தத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு, மஞ்சள் நிற பிளேட்லெட் பை வருகிறதா என்று வார்டு வாசலையே பார்த்திருந்த ஓர் அம்மாவைப் பார்த்திருக்கிறேன்.

பிளேட்லெட் தானம் செய்யும்போது மெஷின் பிளேட்லெட்டை மட்டும் பிரித்தெடுத்து மீதி ரத்தத்தை நம் உடம்புக்கே திருப்பிவிடும். ஒன்றரை மணி நேரம் போதும்.

தீபாவளிக்கு மறுநாள் காலை பிளேட்லெட் கொடுக்க நான் போகிறேன். சென்னையில் இருப்பவர்கள், கூட வருவதானால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.